போட்டி அறிவிப்பைக் கீழிருந்து மேலே படியுங்கள்

புகைப்படப் போட்டியோ வடிவமைப்புப் போட்டியோ, அறிவிப்பு வந்ததும் கண் முதலில் போவது பரிசுத் தொகைக்கு, அடுத்தது கடைசித் தேதிக்கு. விதிமுறைகளைத் திறப்பவர்கள் குறைவு. திறப்பவர்களும் ‘யாரெல்லாம் கலந்துகொள்ளலாம்’ என்ற பத்தியோடு மூடிவிடுகிறார்கள். நம் படத்தையும் லோகோவையும் பாதிக்கிற வரிகள் எல்லாம் அடியில்தான் இருக்கும். எனவே அடியிலிருந்து தொடங்குவோம்.

அடியில் இருப்பது பதிப்புரிமைப் பத்தி. அதில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். வென்ற படங்களுக்கு மட்டும் உரிமை கேட்கிறார்களா, அனுப்பிய எல்லாப் படங்களுக்குமா? எதற்காகக் கேட்கிறார்கள்? போட்டியையும் கண்காட்சியையும் விளம்பரப்படுத்த, எடுத்தவர் பெயரோடு, சில ஆண்டுகளுக்கு என்றிருந்தால் நியாயம். ‘வரப்பெறும் அனைத்துப் படைப்புகளும் அமைப்பாளரின் சொத்து, எந்த ஊடகத்திலும் எந்த நோக்கத்துக்கும் கால வரம்பின்றிப் பயன்படுத்தலாம்’ என்றிருந்தால், ஐயாயிரம் ரூபாய் பரிசைக் காட்டி ஆயிரக்கணக்கான படங்களை அள்ளுகிறார்கள் என்று பொருள். காலண்டர், ப்ரோஷர், இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாவற்றுக்கும் அடுத்த சில வருடத் தேவை அதிலேயே முடிந்துவிடும்.

இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம், 1957 இதில் சில பாதுகாப்புகளைத் தருகிறது. 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், உரிமையாளரின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். கால அளவு சொல்லப்படாவிட்டால் 5 ஆண்டுகள், பரப்பு சொல்லப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். உரிமையைக் கொடுத்துவிட்ட பிறகும், படைத்தவர் தன் பெயரைக் கோரவும் தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கவும் 57-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இருந்தாலும், மோசமான நிபந்தனைக்கு டிக் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள். ஐயாயிரம் ரூபாய்ப் பரிசுக்கு யார் வக்கீல் வைக்கப் போகிறார்கள்?

லோகோ, சின்னம், மாஸ்காட் போட்டிகளின் கணக்கு வேறு. வென்ற வடிவத்தை அவர்கள் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பதால் முழு உரிமை மாற்றம் அங்கே இயல்பு. ரூபாய்க்குச் சின்னம் தேடி மத்திய அரசு 2009-இல் நடத்திய போட்டியிலும் அப்படித்தான். பரிசு 2.5 லட்சம் ரூபாய், சின்னத்தின் உரிமை அரசுக்கு. இத்தகைய போட்டியில் நீங்கள் கேட்க வேண்டியது தோற்ற வடிவங்களைப் பற்றி. ‘தேர்வாகாத படைப்புகளின் உரிமை படைத்தவரிடமே இருக்கும்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். இரண்டு வாரம் உழைத்து வரைந்த ஒரு வடிவத்தை நாளைக்கு வேறு வாடிக்கையாளருக்குக் காட்ட முடியாமல் போகக் கூடாது.

கட்டணமும் கண்ணுக்குத் தெரியாத கட்டணமும்

நெதர்லாந்தில் 1955-இல் தொடங்கிய வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற செய்திப்படப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சோனி வேர்ல்ட் போட்டோகிராஃபி அவார்ட்ஸ், துபாயின் ஹிப்பா புகைப்பட விருது ஆகியவையும் இலவசமே. லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் நடத்தும் வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் போட்டியில் பெரியவர்களுக்கு 25 படங்கள் வரை ஒரே கட்டணம், 17 வயது வரை இலவசம். இந்தப் பெயர்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய போட்டி என்றால் கட்டணமும் பெரிதாக இருக்கும் என்ற எண்ணத்தில், யாரும் கேள்விப்படாத ‘இன்டர்நேஷனல்’ விருதுக்குப் படத்துக்கு இத்தனை டாலர் என்று கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கட்டணம் வாங்குவதே தவறு என்று சொல்லவில்லை. சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பி.எஸ்.ஏ. போன்ற அமைப்புகளின் அங்கீகாரத்தோடு சங்கங்கள் நடத்தும், சலோன் எனப்படும் புகைப்படப் போட்டிகளுக்கும் கட்டணம் உண்டு; பிரிவுக்கு வழக்கமாக 4 படங்கள். அங்கே பரிசைவிட அக்செப்டன்ஸ், அதாவது எத்தனை படம் தேர்வானது என்ற கணக்குதான் பலருக்கு முக்கியம். ஃபியாப் வழங்கும் ஏ-ஃபியாப், இ-ஃபியாப் போன்ற தகுதிகளுக்கு அந்தக் கணக்கு வேண்டும். அந்தத் தகுதி உங்களுக்குத் தேவையா என்று முதலில் முடிவு செய்யுங்கள். தேவையில்லாதவர் மாதம் நான்கு சலோனுக்குப் பணம் கட்டுவதை விட, அதே காசில் மூன்று நல்ல பிரிண்ட் போட்டு ஊரில் ஒரு கண்காட்சிக்குக் கொடுக்கலாம்.

சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் எளிதில் தெரியும். நடுவர்கள் பெயர் இருக்காது. கடந்த ஆண்டு வென்றவர்களின் பட்டியல் இருக்காது, அல்லது நூற்றுக்கணக்கில் ‘ஹானரபிள் மென்ஷன்’ இருக்கும். கடைசித் தேதி மூன்று முறை தள்ளிப் போகும். வென்றதாக மின்னஞ்சல் வந்த பிறகு சான்றிதழுக்கு, கோப்பைக்கு, புத்தகத்தில் இடம் பெறுவதற்கு எனத் தனித்தனி விலை வரும்.

இந்தக் கடைசி அடையாளத்தை மட்டும் வைத்து எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. ஜெர்மனியின் ரெட் டாட், ஐஎஃப் இரண்டும் 1950-களில் தொடங்கிய, தொழில்துறையில் மதிப்புள்ள வடிவமைப்பு விருதுகள். அவற்றிலும் பதிவுக் கட்டணம் தனி, வென்ற பிறகு கட்ட வேண்டிய தொகை தனி. இரண்டாவது தொகை ஆயிரக்கணக்கான யூரோவில் வரும். பொருளைச் சந்தைக்குக் கொண்டு போகும் நிறுவனத்துக்கு அது விளம்பரச் செலவு. தனியாக வேலை செய்யும் இளம் வடிவமைப்பாளர் வெல்வதற்கு முன்பே அந்தத் தொகையைக் கணக்கில் எடுக்க வேண்டும். மாணவர்களுக்கு ஜேம்ஸ் டைசன் அவார்ட் போல இலவசமாக நுழையக்கூடியவை இருக்கின்றன.

எந்தப் பிரிவில் போடுவது

படம் நன்றாக இருந்தும் வெளியே போவது பெரும்பாலும் இங்கேதான். சலோன்களில் ‘நேச்சர்’ என்ற பிரிவுக்கு ஃபியாப், பி.எஸ்.ஏ., பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி (ஆர்.பி.எஸ்.) மூன்றும் சேர்ந்து ஒரே வரையறை வைத்திருக்கின்றன. அதைப் படிக்காமல் அனுப்பினால் செலவு வீண். வளர்ப்பு மிருகம் கூடாது, கலப்பினச் செடி கூடாது. எனவே செம்பருத்தித் தொட்டியில் உட்கார்ந்த தேன்சிட்டு சிக்கலில் மாட்டும். மனிதன் செய்த பொருள் படத்தில் இருக்கக் கூடாது. கட்டடத்தையே வாழ்விடமாக்கிக்கொண்ட ஆந்தை போல, இயற்கைக் கதையின் பகுதியாக இருந்தால் மட்டும் விலக்கு. மின்கம்பியில் உட்கார்ந்த மீன்கொத்தியின் கம்பியைக் குளோன் செய்து அழித்தால் இரட்டைக் குற்றம், ஏனென்றால் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. கிராப் செய்யலாம், வேறு வேறு தூரத்தில் ஃபோகஸ் செய்த படங்களை ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்யலாம். பல படங்களை ஒட்டிப் பனோரமா ஆக்கக் கூடாது. முழுக்கக் கறுப்பு வெள்ளையாக்கலாம், பாதி மட்டும் நிறம் நீக்கக் கூடாது.

‘மோனோக்ரோம்’ பிரிவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம் முழுவதற்கும் ஒரே செபியா நிறம் ஏற்றினால் அது மோனோக்ரோம்தான். குங்குமப் பொட்டை மட்டும் சிவப்பாக விட்டால் அது கலர் படம். நம் ஊரில் அந்தச் சிவப்புப் பொட்டு ஆசை இன்னும் போகவில்லை.

செய்திப்பட, ஆவணப்பிரிவுகளில் அளவுகோல் இன்னும் கடுமை. 2010-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் ஒரு பரிசு திரும்பப் பெறப்பட்டது. கீவ் நகரத் தெருச்சண்டை பற்றிய தொடரில் ஒரு படம்: கையில் கட்டுப் போடுகிறார்கள். எடுத்தவர் அசல் படத்தை வெகுவாகக் கிராப் செய்திருந்தார், நிறத்தை எடுத்திருந்தார், ஓரங்களை இருட்டாக்கியிருந்தார். இவற்றுக்காக அவர் வெளியே போகவில்லை. விரல்களுக்கு இடையே பின்னணியில் தெரிந்த இன்னொருவரின் பாதத் துணுக்கை அழித்திருந்தார். அது போதுமானதாக இருந்தது. 2015-இல் இறுதிக்கு முந்தைய சுற்று வரை வந்த படங்களில் சுமார் 20 சதவீதம் இதே போன்ற காரணங்களால் விலக்கப்பட்டன. குப்பைக் கவர், அரை முகம், ஓரத்தில் நீட்டிய கை எதுவாக இருந்தாலும், ஆவணப்பிரிவுக்குப் போகிற படத்தில் அழிக்கும் டூலைத் தொடவே வேண்டாம். கிராப்பில் வெட்ட முடிந்தால் வெட்டுங்கள், முடியாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது ஏ.ஐ. விவகாரம். 2023-இல் சோனி போட்டியின் ஓப்பன் பிரிவில் கிரியேட்டிவ் பகுதியை வென்ற படம் கணினி உருவாக்கியது என்று அனுப்பியவரே அறிவித்துப் பரிசை மறுத்தார். அடுத்த ஆண்டு தலைகீழாக ஒன்று நடந்தது: ‘1839 அவார்ட்ஸ்’ போட்டியின் ஏ.ஐ. பிரிவில் உண்மையான ஃபிளமிங்கோ படம் ஒன்று வென்று, பிறகு தகுதி இழந்தது. இரண்டுமே வேண்டுமென்றே செய்த சோதனைகள். நமக்கு ஆபத்து தெரியாமல் செய்வதில். லைட்ரூமிலும் போட்டோஷாப்பிலும் ஜெனரேட்டிவ் ரிமூவ், ஜெனரேட்டிவ் ஃபில் சாதாரண பிரஷ் போலவே உட்கார்ந்திருக்கின்றன. ஒரு சொடுக்கில் வானத்தை மாற்றும் வசதியில் வரும் வானம் இன்னொருவர் எடுத்தது, பி.எஸ்.ஏ. விதிப்படி மற்றவர் எடுத்த எந்தப் பகுதியும் உங்கள் படத்தில் இருக்கக் கூடாது. படத்தில் வரும் புள்ளிப் பிசிறான நாய்ஸைக் குறைக்கும் டூல்களைப் பல போட்டிகள் ஏற்கின்றன. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் புதிய விவரங்களை உருவாக்கும் சூப்பர் ரெசல்யூஷன் வகைகளை வேர்ல்ட் பிரஸ் போட்டோ ஏற்பதில்லை. பாதுகாப்பான வழி, போட்டிக்கென, கேமரா பதிவு செய்த மூலக் கோப்பான ரா ஃபைலிலிருந்து புதிதாக ஒரு முறை எடிட் செய்வது. வெளிச்சம், நிறம், கிராப், தூசிப் புள்ளி, அதோடு நிறுத்துங்கள்.

நடுவர் ஏற்கெனவே பார்த்த படங்கள்

யமுனைக் கரையில் கடற்பறவைகள் சூழ ஒரு படகு. நந்தகாவ் ஹோலியில் வண்ணப்பொடி மழை. புஷ்கரில் மாலை வெயிலில் ஒட்டகங்கள். மியான்மரில் ஒளிக்கற்றைக்குக் கீழே குட்டித் துறவி. குலசேகரன்பட்டினம் தசராவில் நாக்கை நீட்டிய காளி வேடம். வாடிவாசலைத் தாண்டி வரும் காளை, திமிலில் ஒரு கை. இந்தியாவில் நடுவராக உட்காரும் எவரும் இவற்றை நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பார். ஜல்லிக்கட்டை எடுக்கக் கூடாது என்பதில்லை. கேலரிக்குக் கீழே வரிசையாக நிற்கும் நாற்பது கேமராக்களில் எதிலும் பதிவாகும் படத்தை அனுப்பினால், மீதி முப்பத்தொன்பதோடுதான் அது போட்டி போட வேண்டும். களத்துக்கு வெளியே மாட்டு லாரி, மருத்துவச் சோதனை வரிசை, தோற்ற காளையை ஓட்டிப் போகிறவர் என்று எவ்வளவோ இருக்கிறது.

சொன்னபடி நிற்கவைத்து எடுக்கும் ‘கிராமத்துப் பாட்டி, அகல்விளக்கு, பக்கவாட்டு ஒளி’ வகைப் படங்களும் அப்படியே. போர்ட்ரெய்ட் பிரிவில் அது குற்றமில்லை. ஆனால் ஒரே ஒர்க்‌ஷாப்பில் இருபது பேர் எடுத்த ஒரே பாட்டி ஒரே சலோனுக்கு ஏழெட்டு முறை வந்து நிற்பார். அப்போது ஏழெட்டுப் படமும் போச்சு.

முதல் சுற்றில் ஒரு படம் திரையில் நிற்பது சில விநாடிகள்தான். எனவே உங்கள் தேர்வையும் அப்படியே செய்யுங்கள். முப்பது படங்களைக் கோப்புறையில் போட்டு, ஒன்றுக்கு மூன்று விநாடி வீதம் ஸ்லைடு ஷோ ஓட்டி, படம் எடுத்த இடத்துக்கு வராத ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். முடிந்த பிறகு எது நினைவிருக்கிறது என்று கேளுங்கள். மழையில் நாலு மணி நேரம் நின்று எடுத்த கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும், படத்தில் தெரியாது. அதனால்தான் சொந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

தொடர் கேட்கும் பிரிவுகளில் எண்ணிக்கை ஒரு பொறி. வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் ஸ்டோரி என்றால் 4 முதல் 10 படங்கள். பத்து வரை அனுப்பலாம் என்றால் பத்தையும் நிரப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆறு வலுவான படங்களோடு நான்கு சுமாரானவை சேர்ந்தால், நடுவர் பேசப்போவது அந்த நான்கைப் பற்றி. ஒவ்வொரு படமும் வேறு வேலை செய்ய வேண்டும்: இடத்தைக் காட்ட ஒன்று, முகம் ஒன்று, கை வேலையை நெருக்கத்தில் ஒன்று, மற்றவர்களோடு உறவைச் சொல்ல ஒன்று. உப்பளத் தொடரில் ஐந்து படத்தில் ஒரே பெண் ஒரே பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தால் அது ஒரு படம், ஐந்து நகல்.

கோப்பு

திரையில் காட்டும் சலோன்களில் பரவலாகக் கேட்கும் அளவு, அகலம் அதிகபட்சம் 1920, உயரம் அதிகபட்சம் 1080 பிக்சல். இதன் விளைவைப் பலர் யோசிப்பதில்லை. 3:2 விகிதக் கிடைப்படம் 1620×1080 ஆகத் திரையில் வரும். அதே விகித நெடும்படம் 720×1080. பரப்பில் கிடைப்படம் இரண்டேகால் மடங்கு பெரிது. நெடுக்கை எடுத்த படத்தை 4:5 அல்லது சதுரமாகக் கிராப் செய்ய இடம் இருந்தால் திரையில் அது கூடுதல் பலம். பூச்சி, பறவை போன்று விவரங்களால் வெல்ல வேண்டிய படத்தை நெடுக்கில் அனுப்புவது கையைக் கட்டிக்கொண்டு இறங்குவது.

நிறவெளி (படத்தின் நிற வரம்பு) எஸ்ஆர்ஜிபி, 8 பிட், ஜேபெக். அடோபி ஆர்ஜிபியில் எக்ஸ்போர்ட் செய்து அனுப்பினால் நிற மேலாண்மை இல்லாத மென்பொருளில் படம் சோகை பிடித்தது போல வெளுத்துத் தெரியும். நடுவருக்கு அது உங்கள் ரசனை என்றே தோன்றும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்றால், முதலில் பிக்சல் அளவைக் குறையுங்கள், பிறகு ஜேபெக் தரத்தை 80 பக்கம் இறக்குங்கள். அளவு குறைத்த பிறகுதான் ஷார்ப்பன் செய்ய வேண்டும். முழு அளவில் செய்த ஷார்ப்பன் சிறிதாக்கும்போது கரைந்துவிடும். கடைசியாக 100 சதவீதத்தில் நான்கு மூலைகளையும் பாருங்கள். சென்சார் தூசி வானத்தில் ஒளிந்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே அனுப்புவது இன்னும் நடக்கிறது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது, உள்ளே இருக்கும் கேமரா விவரங்களையும் நீக்கிவிடுகிறது. நண்பரிடமிருந்து கோப்பு வாங்க வேண்டுமானால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்டர்மார்க், பார்டர், பெயர் எதுவும் படத்தில் கூடாது.

பிரிண்ட் பிரிவுகளில் அடிக்கடி நடப்பது, கணினியில் பளிச்சென்று இருந்த படம் காகிதத்தில் இருண்டு வருவது. லேபைத் திட்டுவதற்கு முன் மானிட்டரின் வெளிச்சத்தைப் பாருங்கள். கடையிலிருந்து வந்தபடியே முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால், கண் படத்தை இருட்டாக்கியே முடிக்கும். சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா பக்கம் இறக்கி வைத்து எடிட் செய்யுங்கள். லேபில் ‘ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுங்கள். 12×18 அங்குலத்துக்கு 240 பிபிஐயில் (அங்குலத்துக்கு 240 பிக்சல்) 2880×4320 பிக்சல் வேண்டும், அதாவது சுமார் 12.4 மெகாபிக்சல். கூரியரில் அனுப்பும்போது இரண்டு பக்கமும் ஹார்ட்போர்டு வைத்து, மூலைகளுக்குத் தனியாக அட்டை மடித்து வையுங்கள். மூலை நசுங்கிய பிரிண்டை நடுவர்கள் இரக்கத்தோடு பார்ப்பதில்லை.

சாட்சி

இறுதிச் சுற்றுக்குப் போனால் அசல் ரா ஃபைல் கேட்பார்கள். அந்த ஒரு ஃபைல் மட்டும் போதாமல் போகலாம். 2017-ஆம் ஆண்டு வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் போட்டியில் ஒரு பிரிவை வென்ற படம், பிரேசிலின் ஏமாஸ் தேசியப் பூங்காவில் இரவில் ஒளிரும் கரையான் புற்றை நோக்கி வரும் எறும்புத்தின்னி. பூங்காவின் பார்வையாளர் மையத்தில் இருக்கும் பதப்படுத்தப்பட்ட எறும்புத்தின்னிதான் அது என்று தகவல் வர, மியூசியம் நிபுணர்களை வைத்து இரண்டையும் ஒப்பிட்டது. மயிர்க் கோலமும் நிற்கும் நிலையும் ஒத்துப்போயின. எடுத்தவர் முன்னும் பின்னும் எடுத்த ரா ஃபைல்களைக் கொடுத்தார், ஆனால் எதிலும் எறும்புத்தின்னி இல்லை. 2018 ஏப்ரலில் பரிசு பறிபோனது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். இதே போட்டியின் 2009-ஆம் ஆண்டு முதல் பரிசு, வேலியைத் தாண்டிய ஓநாய், பழக்கப்படுத்தப்பட்ட விலங்காக இருக்கலாம் என்று ரத்தானது.

நேர்மையாக எடுத்தவருக்கு இதில் பாடம் மிகச் சாதாரணமானது. மெமரி கார்டில் இடம் போதாமல் வரிசைப் படங்களில் ‘நல்லது’ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்காதீர்கள். முன்னும் பின்னும் சில ஃப்ரேம்கள் அதே கோப்புறையில், கேமரா கொடுத்த எண்ணோடு இருக்கட்டும். போனில் எடுப்பவர்கள் எடிட் செய்யாத அசலைத் தனியாக நகலெடுத்து வையுங்கள்.

செய்த தொழில்நுட்பத்தை மறைக்காமல் சொல்வதும் சாட்சியின் ஒரு பகுதி. ஸ்ரீராம் முரளி 2023-இல் இதே போட்டியில் முதுகெலும்பில்லா உயிரினங்களின் நடத்தைப் பிரிவை வென்ற படம், ஆனைமலைக் காட்டின் மின்மினிகள். அது 19 விநாடி எக்ஸ்போஷர்கள் 50-ஐ ஒன்று சேர்த்தது. கூட்டினால் 16 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. படத்தோடு அந்த விவரமும் சேர்ந்தே வெளியானது. இதையே ஒரே க்ளிக் என்று சொல்லியிருந்தால் கதை வேறு.

படக்குறிப்பு எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். 2015 வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் பெல்ஜியத்தின் சார்லெருவா நகரைப் பற்றிய ஒரு தொடரின் பரிசு ரத்தானது, ஏனென்றால் அதில் ஒரு படம் பிரஸ்ஸல்ஸில் எடுத்தது. யார், எங்கே, எப்போது, என்ன நடக்கிறது. இரண்டு மூன்று எளிய வாக்கியம். ‘காலத்தின் சுருக்கங்களில் புதைந்த கனவு’ எல்லாம் வேண்டாம். சலோன்களில் தலைப்புக்கும் விதி உண்டு: ‘அன்டைட்டில்ட்’ கூடாது, கேமரா ஃபைல் எண் கூடாது, ஒரு முறை வைத்த தலைப்பை அதே படத்துக்கு அடுத்த சலோனில் மாற்றக் கூடாது. மாற்றினால் பழைய அக்செப்டன்ஸுக்கும் சிக்கல் வரும். படம், தலைப்பு, எங்கே எப்போது அனுப்பியது, முடிவு, உரிமை நிபந்தனை என ஒரு எக்செல் தாள் வைத்தால் போதும்.

லோகோ போட்டிக்கு வருவோம்

ரூபாய்ச் சின்னத்தை வடிவமைத்த உதயகுமார், மும்பை ஐஐடியில் ஆய்வு செய்துகொண்டிருந்த தமிழர். இறுதிக்கு வந்த ஐந்தில் ஒன்று அவருடையது, 2010 ஜூலை 15-இல் அரசு ஏற்றது. தேவநாகரி ‘ர’வும், நெடுக்குக் கோடு இல்லாத ரோமன் ஆர் எழுத்தும் ஒன்றாகிய வடிவம், மேலே இரண்டு கிடைக்கோடுகள். காய்கறிக் கடைக்காரர் சிலேட்டில் சாக்பீஸால் போட முடிகிறது, கால்குலேட்டர் திரையிலும் படிக்க முடிகிறது. லோகோ போட்டிக்கு அனுப்பும் முன் உங்கள் வடிவத்தை அங்கே நிறுத்திப் பாருங்கள்: 16 பிக்சலுக்குச் சிறிதாக்குங்கள், ஒற்றைக் கறுப்பில் அச்சிட்டு ஜெராக்ஸ் எடுங்கள், கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக வையுங்கள். கிரேடியன்ட்டையும் நிழலையும் எடுத்தால் நிற்காத லோகோ, அரசு அலுவலக ரப்பர் ஸ்டாம்பில் ஒரு மைப் பொட்டாக முடியும்.

கோப்பில் கேட்பது பெரும்பாலும் வெக்டர், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவம். ஜேபெக்கை இல்லஸ்ட்ரேட்டருக்குள் இறக்கி அதன் சொந்த வகையான .ai ஃபைலாகச் சேமித்தால் அது வெக்டர் ஆகாது, நடுவர் பெரிதாக்கிய நொடியில் தெரிந்துவிடும். எழுத்துகளை ஃபான்ட் தேவைப்படாத அவுட்லைன் வடிவமாக மாற்றிய ஒரு பிரதி, மாற்றாத ஒரு பிரதி, இரண்டும் வையுங்கள். தமிழ் எழுத்து இருந்தால் இது இன்னும் முக்கியம். அடோபி மென்பொருளில் தெற்காசிய மொழிகளின் எழுத்தை அடுக்கும் கம்போஸரைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்பு இடம் மாறி விழும்; ‘மேகம்’ என்று தட்டினால் மகரத்துக்குப் பின்னால் கொம்பு நிற்கும். உங்கள் கணினியில் சரியாக இருந்து நடுவரின் கணினியில் உடைந்தாலும் பழி உங்களுக்கே. ஃபான்ட் உரிமத்தையும் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ் ஃபான்ட்களில் பல, சொந்த உபயோகத்துக்கு மட்டும். கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் வருபவை, அவற்றைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

பெயர் தெரியாமல் மதிப்பிடும் போட்டி என்றால் ஃபைல் பெயரில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பிடிஎஃப்பின் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஆதர்’ என்ற இடத்தில் அது தானாகவே உட்கார்ந்திருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. வடிவத்தை முடித்ததும் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். எங்கோ ஒரு செக் நாட்டு வங்கியின் லோகோ அச்சு அசலாக அப்படியே இருந்தால், நீங்கள் பார்த்ததே இல்லை என்று சத்தியம் செய்தாலும் பயனில்லை.

விளக்கக் குறிப்பை நூறு சொல்லுக்குள் முடியுங்கள். ‘நீலம் நம்பிக்கையைக் குறிக்கிறது, வட்டம் முழுமையைக் குறிக்கிறது’ என்ற வரிகளை நடுவர்கள் கண்ணால் தாண்டிப் போகிறார்கள். எங்கெங்கே பயன்படும், சிறிய அளவில் எந்தப் பகுதியை நீக்கலாம், குறைந்தபட்ச அளவு என்ன என்று எழுதுங்கள். அதைப் படிக்கும்போதுதான், இவரிடம் வேலையை ஒப்படைக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றும்.

முடிவு வந்த பிறகு பரிசுத் தொகைக்கு பான் எண்ணும் வங்கி விவரமும் கேட்பார்கள், வரிப் பிடித்தம் இருந்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பரிசை அனுப்புவதற்கு முன் ‘ப்ராசஸிங் கட்டணம்’ கேட்டால் பதிலே போட வேண்டாம். தோற்றிருந்தால் வென்ற படங்களின் பட்டியலை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள், கூடவே நடுவர்களின் சொந்த வேலையையும். சில நடுவர் குழுக்களுக்கு நம் வகைப் படம் பிடிக்காது. அடுத்த ஆண்டு அதே குழு என்றால் வேறு படம் அனுப்பலாம், குழு மாறியிருந்தால் அதே படத்தையே மறுபடி அனுப்பலாம். விதிமுறையில் தடை இல்லாதவரை.